தப்பான வரிசையில் ஒரு படம்

அந்த ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு சினிமாவும் சேர்த்தே சொல்லித் தரப்பட்டது. யாரும் அதைக் கேட்டு வரவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்து யார் எழுந்து போக முடியும்? ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் அம்மா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே வருவாள். கிளட்சை மெதுவாக விடச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், போன வாரம் வந்த படத்தில் கதாநாயகன் நடந்து வருவதற்கே கால்வாசிப் படம் தீர்ந்துவிட்டது என்பாள்.

ஐம்பதைத் தாண்டிய வயது. பருத்திப் புடவை, தட்டைச் செருப்பு, கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி. அவளுடைய கருத்துகள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு ரகம். இப்போதைய படங்களில் பின்னணி இசை நமக்கு முன்னாலேயே அழுதுவிடுகிறது. அது அழுது முடித்த பிறகு பார்க்கிறவனுக்கு அங்கே என்ன வேலை? கேமரா பறவை போல மேலே போகிறது. போய் எதைப் பார்க்கிறது என்றால், தண்ணீர்த் தொட்டிகளை. ஒரு கதையை முடிக்கத் தெரியாதவர்கள் அதற்கு இரண்டாம் பாகம் என்று பேர் வைத்துவிடுகிறார்கள்.

இதைக் கேட்டு, அந்தக் காலப் படம் போல வருமா என்று நெஞ்சில் கை வைக்கிறவர்களும் அவளிடம் தப்பியதில்லை. "பழசா இருக்கறது ஒரு தகுதியா? எங்க வீட்டு மிக்ஸிகூடப் பழசுதான், அதுக்கு மாலையா போடறோம்?" என்று கேட்பாள். பழைய படங்களில் பெண்கள் அழுதுகொண்டே இருந்ததை நடிப்பு என்று கொண்டாடியது போதும் என்பாள். அவர்களுக்கு வேறு வேலை எழுதித் தரப்படவில்லை, அவ்வளவுதான். அதே சமயம், பழைய படத்தில் கார் ஓட்டுகிற கதாநாயகன் ஸ்டியரிங்கை ஆட்டு ஆட்டென்று ஆட்ட, பின்னால் சாலை நேராகப் போவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களையும் அவளுக்குப் பிடிக்காது. பொய்யாக ஓட்டுவதை மன்னிக்கலாம். பொய்யாக வருந்துவதைத்தான் தாங்க முடியவில்லை என்பது அவள் கட்சி.

அவளிடமிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு 'பரவாயில்லை.' திரைப்படக் கழகத்தில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவள் அதைக் கேட்டுவிட்டு, ஆளுங்கட்சி ஒழுங்காக இருந்தால் எதிர்க்கட்சிக்கு வேலை இல்லையே என்று சொன்ன பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கழகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நூலகத்து மாடியில் ஒரு கூடம், மடக்கு நாற்காலிகள், கறுப்புத் திரைச்சீலை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் படம், பிறகு பேச்சு. அதன் செயலாளர் அவளுடைய கொழுந்தன், கணவருக்கு ஒரே தம்பி, மருந்துக் கடைக்காரர். அந்தக் கழகத்துக்கு அவளை முதன்முதலில் அழைத்துப்போனதும் அவர்தான். அப்போது அவர் கல்லூரி மாணவர். அவளுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம்; ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

அன்று அவர்கள் பார்த்ததுதான் பெட்டிப் படம். அதற்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் கழகத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. ஒருத்தி பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிற படம், அதனால் பெட்டிப் படம். கறுப்பு வெள்ளை. எடுத்த காலத்தில் ஓடாத படம். கணவனும் மனைவியும் புது வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அவள் கொடியில் துணி காயப்போடுகிறாள். கொஞ்ச நேரத்தில், யாரும் எதுவும் சொல்லாமலே, அதே பெண் பெட்டியோடு தெருவில் இறங்குகிறாள். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று படம் சொல்வதில்லை. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டின் நாட்கள் வருகின்றன: மாமியாரின் முணுமுணுப்பு, கணவனின் சிடுசிடுப்பு, அவள் கேட்கும் ரேடியோவை அவன் விற்றுவிடுவது, கன்னத்தில் ஒரு அறை. அந்த அறைக்குப் பிறகு, எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் சந்தோஷமாக இருந்த நாட்கள். அதே ரேடியோவை இரண்டு பேரும் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறார்கள், வழியெல்லாம் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு முடிந்ததும் வேறொரு ஊரில், அச்சகத்தில் அவள் தனியாக வேலை செய்வதோடு படம் முடிகிறது.

காலத்தைக் கலைத்துப் போட்ட துணிச்சல் என்று கழகம் அதைக் கொண்டாடியது. கழகம் தொடங்கிய நாளையொட்டி ஒவ்வொரு வருடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போடுவது வழக்கமாயிற்று. படத்துக்கு முன்னால் நின்று பேசுவது எதிர்க்கட்சியின் உரிமை. அவள் பரவாயில்லை என்ற சொல்லைத் தாண்டிப் போன ஒரே படம் அதுதான்.

முதல் தடவை பார்த்த சில வாரங்களில் அவள் அலுவலக வேலையை விட்டாள். காரணம் எதுவும் இல்லை என்பதுதான் வீட்டில் பெரிய பிரச்சினையாக இருந்தது. மேலதிகாரி நல்லவர். சம்பளம் தேதி தவறாமல் வந்தது. மாமியார் மாதக்கணக்கில் துருவித் துருவிக் கேட்டுப் பார்த்தார். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள், இவள் மறைக்கிறாள் என்றே கடைசிவரை நம்பினார். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், பிறகு கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவர். எந்த இயந்திரமும் காரணத்தோடுதான் நிற்கும் என்று நம்புகிற மனிதர். அவரிடம் மட்டும் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, சரி, வண்டியை நல்லா ஓட்டு என்றார். அதோடு சரி.

இந்த வருடம் கொழுந்தன் ஒரு மாலை வேகமாக வந்தார். பெட்டிப் படத்தின் மூலப் பிரதி எங்கோ ஒரு கிடங்கில் கிடைத்து, சுத்தம் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். கழகத்துக்கு வாங்கியாகிவிட்டது. அண்ணன், அண்ணி, அவர் என்று மூவருமாக அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். படம் பளிச்சென்று இருந்தது. துணியின் சுருக்கம்கூடத் தெரிந்தது. புது வீடு, கொடியில் துணி. அடுத்து அவள் பெட்டியை எடுக்கவேண்டும். எடுக்கவில்லை. ரேடியோ கடைக்குப் போனார்கள்.

கொழுந்தன் இரண்டு முறை நிறுத்திப் பார்த்தார். சந்தேகமே இல்லை. இரண்டாவது ரீலும் ஐந்தாவது ரீலும் இடம் மாறியிருந்தன. சின்ன ரீல்களைச் சேர்த்துப் பெரிய ரீலாக ஒட்டியபோது யாரோ மாற்றி ஒட்டிவிட்டிருக்கிறார்கள். கழகத்துக்கு வந்தது அந்தப் பிரதி. அதிலிருந்தே கேசட்டில் ஏற்றி, கேசட்டிலிருந்து குறுந்தட்டில் ஏற்றி, வருடா வருடம் அதையே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். உண்மையில் படம் நூல் பிடித்தது போல நேராகப் போகிறது: வாங்கினார்கள், சிரித்தார்கள், சண்டை வந்தது, விற்றான், அறைந்தான், அவள் கிளம்பினாள்.

செய்தி பரவியதும் கழகத்தில் நடந்ததுதான் வேடிக்கை. காலத்தைக் கலைத்த துணிச்சலைப் பற்றி ஆண்டு மலரில் நான்கு பக்கம் எழுதிய ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், தனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது என்றார். இன்னொருவர், தான் மனதுக்குள் எப்போதும் சரியான வரிசையில்தான் பார்த்துவந்ததாகச் சொன்னார். ஒரே வாரத்தில் கழகம் முழுக்க, இத்தனை வருடமும் உறுத்தலோடு உட்கார்ந்திருந்தவர்களால் நிரம்பிவிட்டது. உறுத்தாமல் போனது ஒருத்திக்கு மட்டும்தான்.

கொழுந்தன் பள்ளிக்கே தேடி வந்தார். சாலைக் குறியீடுகள் மாட்டிய வகுப்பறையில் அவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். ஆண்டுக் காட்சிக்கு அந்தப் படத்தின் தொகுப்பில் உதவியாளராக இருந்த பெரியவர் வருகிறார். அந்தக் குழுவில் உயிரோடு இருக்கிற ஒரே ஆள். அவர் முன்னால் பழைய கதையைப் பேசினால் மானம் போய்விடும். அண்ணிதான் வழக்கம்போலப் பேசவேண்டும். ஆனால் பிரதியில் பிழை இருந்தது, அதனால் தப்பாகப் புரிந்துகொண்டோம், இன்றுதான் உண்மையான படத்தைப் பார்க்கப்போகிறோம் என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

"நான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு உனக்கு யார் சொன்னா, தம்பி?"

"அண்ணி, ரீலே மாறியிருக்கு. இதுல புரிஞ்சுக்க என்ன இருக்கு?"

"அது ஒட்டினவன் தப்பு. என் தப்பு என்ன?"

கொழுந்தன் கிளம்பத் திரும்பினார். பிறகு, அண்ணிக்குச் சங்கடமாக இருந்தால் வங்கி மேலாளர் பேசத் தயாராக இருக்கிறார் என்று செயலாளர் குரலில் சொல்லிவிட்டுப் போனார். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். ஒரு தடவை மேலாளர் கைக்குப் போன மைக் திரும்பி வராது.

மைக் போனால் போகட்டும். அவளைக் குடைந்தது வேறு. அதைக் கணவர்தான், வஞ்சகமே இல்லாமல், ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்த ரீலை ஒழுங்கா ஒட்டியிருந்தா, நீ வேலையை விட்டிருக்க மாட்டியா?"

பதில் வராமல் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவரே பயந்து, சாப்பிடு சாப்பிடு என்றார்.

அடுத்த சில நாட்கள் அவள் காரில் சினிமா பேசவில்லை. கற்றுக்கொள்ள வந்த நர்ஸ் ஒருத்தி, மேடம் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். முகம் தெரியாத ஒரு மனிதன், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இரண்டு ரீல் டப்பாக்களை மாற்றி எடுத்திருக்கிறான். அந்தக் கைப்பிசகின் மேல் தன் பாதி வாழ்க்கை உட்கார்ந்திருக்கிறதா? தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டவன் இறங்குகிற இடமும் ஒரு ஊர்தான், அங்கேயும் வீடும் வெயிலும் இருக்கும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அவன் போகவேண்டிய ஊர் அது இல்லையே என்று அவளுக்குள்ளேயே ஒருத்தி எதிர்க்கேள்வி போட்டாள். எதிர்க்கட்சிக்குள் இன்னொரு எதிர்க்கட்சி. சமாதானங்களை அவள் எந்தப் படத்திலும் விட்டுவைத்ததில்லை. தன்னுடையது என்பதற்காக இதை மட்டும் எப்படி விடுவது?

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. தொகுப்பாளர் பெரியவர் முதல் வரிசையில், முழங்காலுக்கு நடுவில் கைத்தடியை நிறுத்தி வைத்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, காது மட்டும் நன்றாகக் கேட்டது. கொழுந்தன் மைக்கை நீட்டியபோது அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள்.

பிழை நடந்தது உண்மை என்று ஆரம்பித்தாள். கொழுந்தனின் தோள் தளர்ந்தது. இங்கே இத்தனை வருடம் போட்ட படத்தில் ரீல் மாறியிருந்தது, சார் மன்னிக்கணும், இன்றைக்கு நீங்கள் செய்த மாதிரியே பார்க்கப்போகிறோம் என்றாள். கழகம் தலையாட்டியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா நான் எதையும் வாபஸ் வாங்கப் போறதில்லை" என்றாள். "தப்பாதான் காட்டினாங்க. நான் சரியாதான் பார்த்தேன்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரித்த பக்கம் திரும்பவில்லை. சரியான படத்தில் அந்தப் பெண் கிளம்புவதற்கு முன்னால் ஒரு அறை வாங்கவேண்டியிருக்கிறது என்றாள். அறை விழுந்தால்தான் நாம் அவளைப் போக விடுவோம். நாங்கள் பார்த்த படத்தில் அவள் முதலில் போய்விட்டாள். காரணம் கேட்கிற நாம்தான் பின்னால் ஓடினோம்.

"ஒருநாள் நான் ஒரு வேலையை விட்டேன். அங்க யாரும் என்னை அறையலை. இந்தச் சரியான படத்தை அன்னைக்குப் பார்த்திருந்தா, அறை விழட்டும்னு இன்னும் அங்கேயே உட்கார்ந்து காத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

பின்வரிசையில் இருந்த கணவரை அவள் பார்க்கவில்லை. ஆனால் அவருக்குத்தான் அந்தப் பதில் என்பது அவருக்குத் தெரிந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வங்கி மேலாளர் எழுந்து, உணர்ச்சி வேறு, கலை வேறு என்று சொல்ல ஆரம்பித்தார். நீங்க ஆண்டு மலர்ல எழுதினது இதுல எது, சார் என்று அவள் கேட்டாள். மேலாளர் உட்கார்ந்தார். கொழுந்தன் மைக்கை வாங்கப் பக்கத்தில் வந்து நின்றார்.

அப்போது பெரியவர் கைத்தடியைத் தரையில் ஒரு முறை தட்டினார்.

"நாங்க அப்படி வெட்டலைம்மா. ராத்திரி பகலா உட்கார்ந்து, அந்த அறை விழுந்ததிலிருந்து அந்தக் கதவு திறக்கிற வரைக்கும் எத்தனை மூச்சு விடலாம்னு கணக்குப் பார்த்து ஒட்டினோம். நீங்க பார்த்தது விபத்து. விபத்தைப் படம்னு சொல்லக் கூடாது."

"நீங்க அந்த விபத்தைப் பார்த்திருக்கீங்களா, சார்?"

"இல்லை."

"பார்க்காத படத்தைப் பத்தி நான் பேசறதில்லை" என்றாள், மரியாதையாகவே.

கொழுந்தன் விளக்கை அணைக்கச் சொன்னார். அவள் முதல் வரிசையிலேயே உட்கார்ந்து படம் முழுவதையும் பார்த்தாள். அறைக்குப் பிறகு கதவு திறந்த இடத்தில் பெரியவரின் மூச்சுக் கணக்கு தப்பவில்லை என்பதையும் கவனித்தாள். விளக்கு வந்ததும் அவரிடம், "பரவாயில்லை, சார்" என்றாள். அதன் மதிப்பு தெரியாத பெரியவரின் முகம் கறுத்தது.

அந்த வாரமே கழகக் குழு கூடி, பழைய தட்டை இனி கழகத்தின் பெயரில் எங்கும் போடுவதில்லை என்று முடிவெடுத்தது. முன்னுரை பேசுகிற பொறுப்பு மேலாளருக்குப் போனது. கொழுந்தன் அதைத் தொலைபேசியில் சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது. அவள் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். போனை வைத்தாள். பிறகு திரும்பக் கூப்பிட்டு, அந்தத் தட்டு எனக்கு வேண்டும் என்றாள். கொழுந்தன் தயங்கினார். கழகத்துக்கு வேண்டாத பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று அவள் கேட்டதும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

ஓட்டுநர் பள்ளியின் அறிவிப்புப் பலகையில், தேர்வுத் தேதிகளுக்குக் கீழே, தானே எழுதி ஒட்டினாள்: 'பெட்டிப் படம். தப்பான வரிசையில். ஞாயிறு மதியம், வகுப்பறை.' கழகம் கூடுகிற அதே நேரம். தப்பு என்று நீயே எழுதியிருக்கிறாயே என்று கணவர் கேட்டதற்கு, மறைக்க என்ன இருக்கிறது என்றாள். அவர் வகுப்பறைச் சன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்துக் கொடுத்தார்.

ஞாயிறன்று வந்தவர்கள் கணவர், நர்ஸ், நர்ஸின் அக்கா, ஓட்டுநர் தேர்வில் தோற்றுப்போன ஒரு தச்சர். படம் போடப் போகிற நேரத்தில் வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. செய்தி எப்படியோ எட்டி, பெரியவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல், முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

படம் முடிந்ததும் தச்சர் நன்றாக இருந்தது என்றார். நர்ஸ், அந்தப் பெண் அவனிடம் சொல்லிவிட்டாவது போயிருக்கலாம் என்றாள். அவள் அக்கா, சொன்னால் விடுவானா என்றாள். இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டே வெளியேறினார்கள். பெரியவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னமும் தப்புதான்" என்றார். "வாங்காத ரேடியோ வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு? பார்க்கிறவன் முட்டாளா?"

"முதல் நாளே கேட்டுக்கிட்டேன், சார். விட்டுட்டுப் போனவ நினைச்சுப் பார்க்கிறா. நினைப்புல எது முதல்ல வரும்னு யார் கண்டா?"

"அப்படின்னா அவ நினைக்கிறான்னு காட்டணும். முகத்துல ஒரு க்ளோஸப் வேணும். எங்கே அது?"

அது நல்ல கேள்வி. அந்தக் கேள்வியைக் கழகத்தில் யாரும் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

கணவர் சன்னலின் கறுப்புத் துணியைக் கழற்ற ஆரம்பித்தார். பெரியவர் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அவள் சாவியை எடுத்துக்கொண்டு, வாங்க, நான் கொண்டுபோய் விடறேன் என்றாள். பயிற்சிக் காரில் அவர் அவளுடைய வழக்கமான இடத்தில், உபரி பிரேக்கின் மேல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் தடியை நகர்த்தி வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். க்ளோஸப் இல்லாமல் நினைப்பைக் காட்டவே முடியாது என்றார் அவர். காட்டலாம், நீங்கள் காட்டவில்லை, ஆனால் அது தானாக வந்து உட்கார்ந்துவிட்டது, அதைத்தான் உங்களால் பொறுக்க முடியவில்லை என்றாள் அவள். தானாக வருவதற்குப் பேர் தொகுப்பா என்று அவர் கேட்டார்.

பஸ் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் கண்ணாடியில் பார்த்தாள், நீண்ட வரிசை. கை கியரில் இருந்தது.

"நீங்க சொல்லி முடிங்க, சார்" என்றாள். "அவங்க அடிச்சா அடிக்கட்டும்."